கூடுதல் லோடு யார் கட்டுவது? வாடகை வீட்டில் இணைப்புச் செலவுகள்

வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் வருமா, வண்டி நிறுத்த இடம் உண்டா. சென்னையில் வீடு பார்க்கப் போகிற எல்லோரும் இந்த நான்கையும் கேட்டுவிடுகிறோம். கொஞ்சம் விவரமானவர்கள் "மீட்டர் தனியா?" என்றும் கேட்பார்கள். ஆனால் அந்த மீட்டருக்கு வருகிற வயர் எரிந்தால், லோடு (ஒரே நேரத்தில் இழுக்க அந்த இணைப்புக்கு அனுமதித்த மின்சார அளவு) போதாமல் போனால், போர் வற்றினால், பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் பணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அது யார் செலவு என்று அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டிய நாள் அதுதான். குடி புகுந்த பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் போகிறது.

கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். இத்தனை வீடுகள் மாறியதில் ஒரு கணக்கு எனக்குத் தெளிவாகிவிட்டது. நான் காலி செய்த பிறகும் அந்த வீட்டோடு தங்கிவிடுவது எதுவோ, அது வீட்டுக்காரர் செலவு. நான் இருந்து தீர்த்துவிட்டுப் போவது என் செலவு. கரண்ட் பில் நான் தீர்த்தது. மீட்டர் பெட்டி, சர்வீஸ் வயர், ஈபியில், அதாவது மின்வாரியத்தில், கிடக்கும் டெபாசிட் எல்லாம் வீட்டோடு இருப்பது. இந்தக் கணக்கை வைத்துப் பேசினால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். எங்கே இது இழுபறியாகிறது என்பதையும் சொல்கிறேன்.

மடிப்பாக்கத்தில் இப்போது இருக்கிற முதல் மாடி வீட்டில் இரண்டாவது ஏசி போட்ட கோடையில் ஆரம்பித்தது. இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு ஏசியும் ஓடும்போது கீழே படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் பலகையில் ஃபியூஸ் போகும். எலக்ட்ரீஷியன் வந்து பீங்கான் கேரியரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே செம்புத் தகடு உருகி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. பீங்கானின் விளிம்பு முழுக்கக் கரி. மீட்டரிலிருந்து மாடிக்கு ஏறும் வயரை இரண்டு விரலால் லேசாக நசுக்கினார். மேல் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே அலுமினியம், வீடு கட்டியபோது போட்டது.

"அண்ணே, தடிமனா கம்பி கட்டிட்டுப் போறது எனக்கு அஞ்சு நிமிஷ வேலை. ஃபியூஸ் போகாது. ஆனா ஒரு நாள் ராத்திரி வயர் எரியும். இதை மாத்தணும், லோடும் ஏத்தி எழுதிக் குடுக்கணும்" என்றார்.

பில்லை எடுத்துப் பார்த்தோம். அனுமதிக்கப்பட்ட லோடு 2 கிலோவாட் என்று இருந்தது. ஒன்றரை டன் ஏசி ஒன்றே ஒன்றரை கிலோவாட் அளவுக்கு இழுக்கும். ஹீட்டர் 2 கிலோவாட், இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் ஏறக்குறைய அதே அளவு. ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் அதற்கு மேல். இந்த லோடு எழுதியபோது அந்த வீட்டில் நான்கு டியூப் லைட்டும் ஒரு டிவியும் இருந்திருக்கும். புதிதாக வீடு பார்ப்பவர்கள் பழைய பில் ஒன்றை வாங்கி, அந்த லோடு எண்ணை முதலில் பாருங்கள். ஏசி வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாடகைக்கு அடுத்தபடி முக்கியமான எண் அதுதான்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர், கீழ் வீட்டில் இருக்கிறார், தன்மையான மனிதர். விஷயத்தைச் சொன்னதும், "தம்பி, உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க எத்தனையோ வருஷம் இருந்தாங்க, ஒரு நாள்கூட ஃபியூஸ் போனதில்ல. நீங்க ரெண்டு ஏசி போட்டீங்க, போகுது. நான் எப்படிப்பா பொறுப்பாக முடியும்?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால் வாக்குவாதம் செய்யாமல் எலக்ட்ரீஷியனிடம் செலவை மூன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொன்னேன். மீட்டரிலிருந்து மாடி டிபி பாக்ஸ் (வீட்டுக்குள் லைன்கள் பிரியும் பெட்டி) வரை புது வயர், மெயின் ஸ்விட்ச், எர்த் ஒன்று. ஈபியில் கூடுதல் லோடுக்குக் கட்டும் தொகை இன்னொன்று. வீட்டுக்குள் இரண்டாவது ஏசிக்குத் தனி லைன், பிரேக்கர், பிளக் பாயின்ட் மூன்றாவது. மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னால் யாருக்கும் தலை சுற்றும். பிரித்து வைத்தால் எது யாருடையது என்று தாளே சொல்லிவிடும்.

மூன்றாவது என்னுடையது என்று நானே சொல்லிவிட்டேன். முதலாவதைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் எந்தப் பழுது யார் பொறுப்பு என்ற பட்டியல் உண்டு. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, உள்ளும் வெளியுமான மின் வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர், கீசர் பழுது, வாஷ் பேசின், கதவுப் பூட்டு, கொசு வலை, ஜன்னல் கண்ணாடி, கழிவுநீர்க் குழாய் அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி போகும். எங்கள் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஆகவே அட்டவணைதான். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஐயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். வயரிங் செலவை ஏற்றுக்கொண்டார்.

இழுபறி இரண்டாவதில்தான். அந்தப் பட்டியலில் வயரிங் இருக்கிறது. கூடுதல் லோடு என்று ஒரு வரி இல்லை. "லோடு உங்க ஏசிக்குத்தானே வேணும்?" என்றார். "நான் போனதுக்கப்புறமும் அந்த லோடு உங்க சர்வீஸ் நம்பர்லதான் சார் இருக்கும். அடுத்து வர்றவங்களுக்கு ரெண்டு ஏசி போடலாம்னு சொல்லி வாடகை கேட்பீங்க" என்றேன். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. என் கணக்குப்படி அது முழுக்க வீட்டோடு தங்குகிற பணம். ஆனாலும் தேவை என்னால் வந்தது என்பதால் பாதி எனக்குச் சம்மதமாகவே இருந்தது. இரண்டு தலைமுறை வயரிங்கில் ஓடுகிற வீடுகளில் இந்தப் பாதிக்குப் பாதி நல்ல தீர்வு என்றே நினைக்கிறேன். குடி வரும்போதே "இரண்டு ஏசி போடுவோம்" என்று சொல்லி, அதற்கு அவர் தலையாட்டியிருந்தால் முழுவதும் அவர் கட்டுவதுதான் முறை.

வேலையை உடனே முடிக்க வேண்டியிருந்ததால் பணம் முழுவதும் நான் போட்டேன். அவர் பங்கை மாத வாடகையில் கழித்துக்கொள்வது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி அனுப்பிவைத்தேன். வாய்ச் சொல்லாக விட்டுவிட்டு வாடகையைக் குறைத்துக் கொடுத்தால், பிறகு அதுவே வாடகை பாக்கி என்ற கணக்கில் வந்து நிற்கும். வங்கியில் அனுப்பும்போதும் குறிப்பில் "லோடு, வயரிங் கழிவு போக" என்று எழுதினேன்.

விண்ணப்பம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் போக வேண்டும். ஓடிபி பதிவான மொபைலுக்குத்தான் வரும். எங்கள் விஷயத்தில் அந்த எண் துபாயில் இருக்கும் அவர் மகனுடையது, பயன்பாட்டிலேயே இல்லை. லோடு ஏற்றியதைவிட எண்ணை மாற்றத்தான் அலைச்சல் அதிகம். வீடு பிடிக்கும்போதே ஈபியில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். 2022 கடைசியில் ஆதார் இணைக்கச் சொன்னபோது வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் ஆதாரை இணைத்தார்கள். அதனால் இணைப்பு குடியிருப்பவர் பெயருக்கு மாறிவிடும் என்று பல வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். அப்படி எதுவும் மாறவில்லை. இணைப்பு பழையபடி உரிமையாளர் பெயரில்தான்.

அடுத்தது டெபாசிட். இதில் பணம் இழப்பவர்கள் ஏராளம், காரணம் அது கரண்ட் பில்லுக்குள் ஒளிந்து வருகிறது. உபயோகம் கூடினால், ஈபி முன்பு வாங்கி வைத்திருக்கும் காப்புத்தொகை போதாது என்று கூடுதல் காப்புத்தொகை கேட்கும். அந்தத் தொகை பில்லோடு சேர்ந்து வரும்போது நாம் யுபிஐயில் மொத்தத்தையும் ஒரே தட்டில் கட்டிவிடுவோம். அது நாம் எரித்த கரண்டுக்கான காசு அல்ல. வீட்டுக்காரரின் இணைப்புக் கணக்கில் போய் உட்காரும் டெபாசிட். அதற்கு வட்டியும் உண்டு, அது அதே இணைப்பின் பில்லில் கழியும். நாம் காலி செய்துவிட்டால் வட்டி அடுத்து வருபவருக்கு.

இதற்கு முன்பு இருந்த வீட்டில் காலி செய்யும்போது இதைக் கேட்டேன். "அது ஈபிக்குப் போன பணம், எனக்கு எங்க வந்துச்சு?" என்றார் அந்த வீட்டுக்காரம்மா. ரசீதைக் காட்டி, கரண்ட் கட்டணம் இந்த வரி, காப்புத்தொகை இந்த வரி என்று பிரித்துக் காட்டினேன். அவர் மகள், "அம்மா, நாளைக்கு கனெக்‌ஷனை சரண்டர் பண்ணா அந்தக் காசு உன் பேருக்குத்தான் வரும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தாள். அட்வான்ஸோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ரசீதுகள் கையில் இல்லையென்றால் இது நடந்திருக்காது. ஒவ்வொரு பில்லையும் பிடிஎஃப் ஆக எடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

ஒரே சர்வீஸில் பல குடும்பம் என்ற ஏற்பாடு பற்றி எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. நங்கநல்லூரில் இருந்த வீட்டில் மூன்று குடும்பத்துக்கு ஒரு ஈபி இணைப்பு. ஆளுக்கொரு சப் மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்த விலை. தமிழ்நாட்டில் அப்போது வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மூன்று குடும்பம் தலைக்கு 180 யூனிட் என்று வையுங்கள். தனித்தனி இணைப்பு இருந்தால் ஆளுக்கு 80 யூனிட்டுக்குத்தான் காசு, அதுவும் மிகக் குறைந்த விலையில். ஒரே இணைப்பானால் மொத்தம் 540. இலவசம் போக 440 யூனிட்டுக்குக் கட்டணம். அதோடு 500ஐத் தாண்டிவிட்டதால் இரண்டாவது நூறுக்கான குறைந்த விலையும் போய்விடும். அரசு தருகிற சலுகை அந்தச் சுவருக்குள் வராமலே நின்றுவிடுகிறது. அதை இழப்பது சம்பளத்துக்கு வேலை செய்து மாதக் கடைசியில் சில்லறை எண்ணும் குடும்பங்கள். அங்கே நாங்கள் செய்ய முடிந்தது ஒன்றுதான்: உண்மையான ஈபி பில்லை எங்களுக்குக் காட்ட வேண்டும், சப் மீட்டர் விகிதப்படி அதையே பிரித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டோம். முதல் முறை மறுத்தார், மூன்று குடும்பமும் சேர்ந்து கேட்டபோது ஒத்துக்கொண்டார். தனியாகக் கேட்டவர் யாராக இருந்தாலும் வேறு வீடு பார்க்கச் சொல்லியிருப்பார்.

அந்த வீட்டில் தனி இணைப்பு கேட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கேட்கலாம். 2003 மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவர் கேட்டாலும் இணைப்பு தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு விநியோக விதிகளின்படி உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். அவர் மறுத்தால், சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரமும் ஈட்டுறுதிப் பத்திரமும் (நஷ்டம் வந்தால் ஈடு செய்வேன் என்ற உறுதிமொழி) கொடுத்து, இரண்டு மடங்கு காப்புத்தொகை கட்டி வாங்கலாம். வீட்டுக்காரர் தடையில்லாக் கடிதம் தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்கக்கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் இது எல்லாவற்றுக்கும் அடிப்படை, குடியிருப்பதற்கான ஆதாரம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவருக்கு இந்த வழிகள் திறப்பது கடினம். சித்தப்பா மகன் ஒருவன் கடை மாடியில் ஒப்பந்தமே இல்லாமல் இருந்து, ஒரு மாத வாடகை தள்ளிப்போனதற்கு மெயினை இறக்கிவிட்டார்கள். கரண்டோ தண்ணீரோ நிறுத்துவது 2017 சட்டப்படி கூடாது, வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். அவனிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசித்தான் மெயினை ஏற்றினார்கள்.

தண்ணீர் விஷயம் 2019 கோடையில் எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்து கிடந்த ஜூன் மாதம். எங்கள் போரில் முதலில் மண் கலந்து வந்தது, பிறகு காற்று மட்டும். மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடிக் காயில் கருகியது. லாரித் தண்ணீர், மோட்டார் காயில் கட்டுவது, போரை இன்னும் ஆழம் இறக்குவது என்று மூன்று செலவையும் வீட்டு எண்ணிக்கையால் வகுத்து, எங்கள் கட்டடத்தின் உரிமையாளர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். குடியிருப்பவர்கள் எல்லோரும் மொட்டை மாடியில் கூடிப் பேசினோம். லாரித் தண்ணீர் நாங்கள் குடித்துக் குளித்துத் தீர்ப்பது, அதை நாங்கள் தருகிறோம். போரும் மோட்டாரும் உங்கள் நிலத்தில் இருப்பவை, அவை உங்களுடையவை என்று ஒரே குரலில் சொன்னோம். லாரிக் காசை வீட்டுக்கு இவ்வளவு என்று வகுக்காமல் தலைக்கணக்கில் பிரித்தோம். இரண்டு பேர் இருக்கும் வீடும் ஆறு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை கொடுப்பது சரியில்லை. உரிமையாளர் ஏற்றுக்கொண்டார், அடுத்த ஆண்டு வாடகையைக் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றினார். அதில் எனக்குக் குறையில்லை. ஆழமான போர் உள்ள வீட்டுக்கு வாடகை அதிகம் என்பது நியாயம். முதலீட்டை அவர் போட்டு வாடகையாக எடுப்பது வேறு, என் கையிலிருந்து எடுத்து அவர் நிலத்தில் புதைப்பது வேறு.

பொது மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் தனி மீட்டர் இருந்தால் அதன் கட்டண வகையையும் பாருங்கள். பொதுப் பயன்பாட்டுக்கு வீட்டுக் கட்டணம் கிடையாது. 2023 அக்டோபரில், பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொது இணைப்பின் கட்டணத்தை யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். சிறிய கட்டடங்களில் பலர் இந்த வகைக்கு மாற்றாமலே பழைய கட்டணத்தை வகுத்து வசூலித்துக்கொண்டிருந்தார்கள்.

மடிப்பாக்கம் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. இங்கெல்லாம் பாதாளச் சாக்கடை வேலை நடந்து வீட்டு இணைப்புக்குப் பணம் கேட்கும்போது, அதைக் குடியிருப்பவர் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். சொத்து வரி, தண்ணீர் வரி, சாக்கடை இணைப்பு மூன்றும் சொத்துக்கு உரியவை. செப்டிக் டேங்க் லாரி கூப்பிடுவதைக் குடியிருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளலாம், டேங்க் உடைந்து ஊறினால் அது கட்டடப் பழுது.

கேஸில் இந்தப் பிரச்சினையே இல்லை. இணைப்பு நம் பெயரில், டெபாசிட் நம் பெயரில். 2022 ஜூனிலிருந்து 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் 2,200 ரூபாய். ஊர் மாறினால் ஒப்படைத்து வாங்கிக்கொண்டு போகலாம். இண்டர்நெட்டும் அப்படித்தான், சுவரில் துளை போடுவதற்கு மட்டும் முன்கூட்டி அனுமதி கேளுங்கள்.

குடி புகும் அன்றும் காலி செய்யும் அன்றும் மீட்டர் ரீடிங்கைத் தேதி தெரியப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்புங்கள். சர்வீஸ் நம்பரை வாங்கி ஆன்லைனில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். முந்தையவர் கட்டாமல் போன தொகை அந்த இணைப்போடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபியூஸைப் பிடுங்க வருபவர் யார் எரித்த கரண்ட் என்று விசாரிக்க மாட்டார்.

இந்த வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தபோது நான்கு வரி சேர்த்தோம். மீட்டர் முதல் டிபி வரை வயரிங், லோடு, போர், மோட்டார், சாக்கடை இணைப்பு உரிமையாளர் செலவு. பயன்பாட்டுக் கட்டணம் குடியிருப்பவர் செலவு. பில்லில் வரும் காப்புத்தொகையைக் குடியிருப்பவர் கட்டினால் அடுத்த மாத வாடகையில் கழிக்கப்படும். புதிதாக 1 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும் பொருள் எதையும் வைக்கும் முன் உரிமையாளரிடம் சொல்ல வேண்டும். கடைசி வரி ஐயா கேட்டுச் சேர்த்தது. வயர் உதிர்ந்ததை நேரில் பார்த்தவர், அவர் பயம் புரிகிறது, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது பின் வீட்டுத் தம்பி எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறான். பார்க்கிங்கில் பொது மீட்டரின் பிளக்கில் சார்ஜ் போடுவதா, அவன் மீட்டரிலிருந்து தனி லைன் இழுப்பதா, இழுத்தால் வயர் செலவு யாருடையது என்று பேச்சு ஓடுகிறது. தன் மீட்டரிலிருந்து இழுப்பது, வயரும் பிளக்கும் அவன் செலவு, காலி செய்யும்போது ஐயா விரும்பினால் விலை கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து தூரம் அளந்து, செலவைத் தாளில் எழுதித் தருகிறார்.